பிரெட் கீனோர் அதற்குப் பிறகு என்ன வேலை செய்தார்?



2013ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சிறுவர்களிடையே கார்டிஃப் சிட்டி என்னும் பெயர் திடீரெனப் புழங்கத் தொடங்கியதைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். வேல்ஸ் நாட்டின் அந்தக் காற்பந்துக் கழகம் 2010இல் மலேசிய முதலீட்டாளர்களின் கைக்கு வந்தது. தொழிலதிபர் வின்சென்ட் டான் அதன் உரிமையாளராக விளங்க, 2013இல் அது இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கிற்கு உயர்ந்தது. என் பள்ளி மாணவர்களுள் சிலர் கார்டிஃபின் சிவப்புச் சட்டையை அணிந்துகொண்டு மாலையில் திடலுக்கு வருவர். அந்தச் சட்டை நூறாண்டுகளுக்கும் மேலாக நீல நிறமாகவே இருந்தது என்பதோ, 2012இல்தான் சிவப்பாக மாற்றப்பட்டது என்பதோ அவர்களுக்குத் தெரியாது. 2015 சனவரியில் மீண்டும் நீலமானது வேறு கதை.

அந்த ஆண்டில் ஒரு திங்கட்கிழமை, சபைகூடலில் ஐந்து நிமிடம் பேசும் முறை எனக்கு வந்தது. மாணவர்களின் ஆர்வத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எண்ணி, 1927ஆம் ஆண்டு எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தைப் பற்றிப் பேசினேன். போரில் காலில் காயம்பட்டவர், இனி ஆடவே முடியாது என்று கருதப்பட்டவர், தம் ஊர்க் குழுவுக்குத் தலைமையேற்று, புகழ்பெற்ற ஆர்சனலைத் தோற்கடித்து, இங்கிலாந்தின் கிண்ணத்தை வேல்ஸுக்குக் கொண்டுசென்றார். அவர்தாம் பிரெட் கீனோர் என்று முடித்தேன். நல்ல கைத்தட்டல். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது என்று எனக்கும் மனநிறைவு.

வகுப்பறைக்குப் போகும் வழியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் பக்கத்தில் வந்து நடந்தான். படிப்பில் நடுத்தரம், பந்தாட்டத்தில் வல்லவன். “ஐயா, அதற்குப் பிறகு அவர் என்ன வேலை செய்தார்?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. “பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். இப்படிச் சொல்லிவிட்டு மறந்துபோவது ஆசிரியர்களாகிய நமக்கு வழக்கம்தான். அந்த வாரம் அவன் தந்தை என்னைப் பார்க்க வராமல் இருந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அவர் பார வண்டி ஓட்டுநர். மகன் பந்தே கதியென்று கிடக்கிறான், ஆறாம் ஆண்டுத் தேர்வு அடுத்த ஆண்டு வருகிறது என்று வருந்தினார். “பந்து விளையாடினால் சோறு கிடைக்குமா வாத்தியாரே?” என்று அவர் கேட்டதும் மகனின் கேள்வியே மறுபடி வந்ததுபோல் இருந்தது. ஏறத்தாழ மூன்று வாரம் கீனோரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். நான் சபைகூடலில் சொன்னது பாதிக் கதைதான் என்பது தெரிந்தது.

பிரெட் கீனோர் 1894ஆம் ஆண்டு கார்டிஃப் நகரில் பிறந்தார். தந்தையார் கொத்து வேலை செய்தவர். அக்காலத்துக் கார்டிஃப், நிலக்கரியால் பிழைத்த துறைமுக நகரம். வடக்கேயுள்ள பள்ளத்தாக்குகளில் வெட்டியெடுத்த கரி தொடர்வண்டிகளில் இறங்கிவந்து, கப்பலேறி உலகெங்கும் போயிற்று. தென் வேல்ஸ் மக்களின் முதன்மை விளையாட்டு ரக்பி. காற்பந்து பின்னால் வந்தது. 1899இல் சிறு மன்றமாகத் தொடங்கிய கழகம், 1910இல் பழைய குப்பைமேடு ஒன்றைச் சமன்செய்து தனக்கென அரங்கம் அமைத்துக்கொண்டது. பொறுப்புக் கையொப்பமிட்டு உதவிய நினியன் பிரபுவின் பெயரால் அது நினியன் பார்க் எனப்பட்டது.

கீனோர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, 1907இல், இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களை எதிர்த்து வேல்ஸ் மாணவர் குழுவில் ஆடியவர். 1912இல் கார்டிஃப் சிட்டியில் சேர்ந்தார். 1913இல் முதற்குழுவில் இடம்பெற்றார். அழகாக ஆடுபவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. நடுப்பகுதியில் நின்று, எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதில் முரட்டுத்தனமானவர், ஓடிக் களைக்காதவர். நம் திடலிலும் இத்தகைய பையன் ஒருவன் இருப்பான். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவோம், இவனைக் கண்டுகொள்ளமாட்டோம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. இளைஞர்கள் போர்முனைக்குப் போய்க்கொண்டிருக்க, தொழில்முறைக் காற்பந்து மட்டும் நின்றபாடில்லை. கூலிக்குப் பந்து உதைப்பவர்கள் நாட்டுக்காக உயிர்கொடுக்க அஞ்சுகிறார்கள் என்று நாளிதழ்கள் ஏசின. ஒப்பந்தத்தால் கட்டுண்ட தொழிலாளியைப் பார்த்து ஏசுவது எளிது. அந்த நெருக்குதலின் விளைவாக 1914 டிசம்பரில் இலண்டன் புல்ஹாமில் ஒரு தனிப் படைப்பிரிவு உருவாயிற்று. மிடில்செக்ஸ் படையின் 17ஆம் பிரிவு என்பது அதன் பெயர். காற்பந்தாட்டக்காரர் படை என்பது மக்கள் இட்ட பெயர். கீனோர் 1915 தொடக்கத்தில் அதில் சேர்ந்தார். அவருக்கு வயது இருபது.

1916 கோடையில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் அப்பிரிவு பேரிழப்புக் கண்டது. குண்டுச் சிதறல் பாய்ந்து கீனோரின் கால் கிழிந்தது. தோழர் ஒருவர் இழுத்துக்கொண்டுவந்து சிகிச்சை முகாமில் சேர்த்ததால் உயிர் பிழைத்தார். காலை எடுத்துவிட வேண்டியிருக்குமோ என்றுகூட மருத்துவர்கள் எண்ணினர். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். நினியன் பார்க்கிற்குப் பெயர் தந்த நினியன் பிரபு அதற்கு முந்தைய ஆண்டே, 1915இல், பிரான்சில் போரில் மாண்டுபோயிருந்தார். கீனோர் பிழைத்து, நடந்து, ஓடி, மறுபடி பந்தைத் தொட்டார். போர் முடிந்து ஊர் திரும்பியதும் எரிவாயு ஆலையிலும் பால் வண்டியிலும் வேலை செய்துவிட்டுத்தான் கழகத்துக்குத் திரும்பினார். இச்சிறு செய்தியை நான் முதலில் படித்தபோது தாண்டிப் போய்விட்டேன். பிறகுதான் திரும்பி வந்து படித்தேன்.

1920இல் கார்டிஃப் சிட்டி இங்கிலாந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. முதல் ஆண்டிலேயே முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அடுத்த சில ஆண்டுகள் அக்கழகத்தின் பொற்காலம். 1924 பிப்ரவரியில் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் நினியன் பார்க்கில் மோதியபோது, வேல்ஸின் தலைவர் கீனோர், ஸ்காட்லாந்தின் தலைவர் ஜிம்மி பிளேர். இருவரும் கார்டிஃப் சிட்டி ஆட்டக்காரர்கள்! வேல்ஸ் 2-0 என்று வென்றது. இங்கிலாந்தையும் அயர்லாந்தையும்கூட வென்று அவ்வாண்டின் நான்கு நாடுகள் போட்டியில் முதலிடம் பெற்றது.

1924 மே 3ஆம் நாள் கதையைக் கணித ஆசிரியர்கள் கவனத்துடன் படிக்க வேண்டுகிறேன். லீக் பருவத்தின் கடைசி நாள் அது. கார்டிஃப் ஒரு புள்ளி முன்னணியில் இருந்தது; இரண்டாம் இடத்தில் ஹடர்ஸ்பீல்டு டவுன். அதன் நிர்வாகி ஹெர்பர்ட் சாப்மன். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்பது அக்கால விதி. கார்டிஃப் பர்மிங்ஹாமில் ஆடியது. கோல் ஏதும் இல்லாத நிலையில், இரண்டாம் பாதியில் கார்டிஃபுக்கு ஒரு பினால்டி கிடைத்தது. லென் டேவிஸ் உதைத்தார். கோல் காவலர் தடுத்துவிட்டார். ஆட்டம் 0-0. அதே வேளையில் ஹடர்ஸ்பீல்டு நாட்டிங்ஹாம் பாரஸ்டை 3-0 என்று வென்றது. இரு குழுக்களும் 42 ஆட்டங்களில் 57 புள்ளிகள்.

சமமானால் என்ன செய்வது? இன்று கோல் வேறுபாட்டைப் பார்ப்போம்; போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிப்போம். அன்று கழித்தல் இல்லை, வகுத்தல். அதற்குக் கோல் சராசரி என்று பெயர். ஹடர்ஸ்பீல்டு போட்டவை 60, வாங்கியவை 33. கார்டிஃப் போட்டவை 61, வாங்கியவை 34. வகுத்துப் பாருங்கள்: முன்னது 1.818, பின்னது 1.794. இடைவெளி 0.024. ஹடர்ஸ்பீல்டு வெற்றியாளர். இன்றைய முறைப்படி கழித்தால் இரண்டுக்கும் 27 தான். அப்போது கூடுதல் கோல் போட்ட குழு முந்தும், அதாவது கார்டிஃப். இன்னொன்றும் சொல்கிறேன். ஹடர்ஸ்பீல்டு அன்று மூன்று கோலுக்குப் பதில் இரண்டே போட்டிருந்தால் 59 வகுத்தல் 33, 1.788, அப்போதும் கார்டிஃபே முதலிடம். பின்னாளில், 1976இல், இங்கிலாந்து லீக் இந்த வகுத்தல் முறையைக் கைவிட்டது. ஆனால் இன்றுவரை எந்த வேல்ஸ் கழகமும் இங்கிலாந்தின் முதற்பிரிவை வென்றதில்லை. தசமப் பின்னம் எதற்குப் படிக்கவேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு மணி அடித்ததே தெரியவில்லை.

மறு ஆண்டு, 1925இல், கார்டிஃப் முதன்முறையாக எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தை எட்டி, வெம்பிளி அரங்கில் ஷெபீல்டு யுனைடெட்டிடம் 0-1 என்று தோற்றது. அதை விரைந்து கடந்து 1927க்கு வருகிறேன்.

அவ்வெற்றியின் பின்புலத்தைச் சொல்லாமல் கிண்ணத்தை மட்டும் சொன்னது சபைகூடலில் நான் செய்த இன்னொரு பிழை. 1926இல் நிலக்கரி முதலாளிகள் கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட முனைந்தனர். ஏற்காத தொழிலாளர்களை வெளியேற்றிச் சுரங்கங்களைப் பூட்டினர். மே மாதம் ஒன்பது நாள் பொது வேலை நிறுத்தம் நடந்து அடங்கியது. சுரங்கத் தொழிலாளர் மட்டும் ஏழு மாதம் தாக்குப்பிடித்தனர். குளிர்காலம் வந்தபோது பட்டினி அவர்களைத் தோற்கடித்தது; குறைந்த கூலிக்கே திரும்பினர். தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் அந்த ஆண்டைப் பல தலைமுறை மறக்கவில்லை. அடுத்த ஏப்ரலில்தான் கார்டிஃப் வெம்பிளிக்குப் போனது. சிறப்பு ரயில்களில் ஏறி இலண்டன் போன வேல்ஸ் மக்களுள் எத்தனை பேர் அந்தப் பயணச்சீட்டுக்காக எதை அடகு வைத்தார்களோ!

1927 ஏப்ரல் 23. அரங்கில் 91,206 பேர். அவர்களுள் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் இருந்தார். பிபிசி முதன்முறையாக ஒரு கிண்ண இறுதியாட்டத்தை வானொலியில் நேர்முகமாக வருணித்தது. எதிரே ஆர்சனல். அதன் நிர்வாகி யார் தெரியுமா? அதே ஹெர்பர்ட் சாப்மன். 1925இல் அவர் ஹடர்ஸ்பீல்டிலிருந்து ஆர்சனலுக்கு மாறியிருந்தார்.

வேல்ஸின் குழு என்கிறோமே தவிர, கார்டிஃபின் பதினொருவருள் வேல்ஸ்காரர்கள் மூவரே: கீனோர், லென் டேவிஸ், 19 வயது எர்னி கர்டிஸ். மற்றவர்கள் நால்வர் அயர்லாந்துக்காரர், மூவர் ஸ்காட்லாந்துக்காரர், ஒருவர் ஆங்கிலேயர். துறைமுக நகரத்துக்கு இது பொருத்தம்தான். மாறாக, ஆர்சனலின் கோல் காவலர் டான் லூயிஸ் ராண்டா பள்ளத்தாக்கின் மயர்டி என்னும் சுரங்க ஊரில் பிறந்த வேல்ஸ்காரர்.

74ஆம் நிமிடம். ஸ்காட்லாந்துக்காரர் ஹியூயி பெர்குசன் தொலைவிலிருந்து பந்தை அடித்தார். வேகமான அடியன்று. லூயிஸ் முழங்காலிட்டுப் பந்தை அணைத்துக்கொண்டார். லென் டேவிஸ் பாய்ந்து வருவதைப் பார்த்துத் திரும்பும்போது பந்து நழுவியது. முழங்கை பட்டு மெல்ல உருண்டு கோட்டைக் கடந்தது. அவ்வளவுதான். கார்டிஃப் 1, ஆர்சனல் 0. கீனோர் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். எப்.ஏ. கிண்ணம் இங்கிலாந்துக்கு வெளியே போனது அந்த ஒரே முறைதான். 2008இல் கார்டிஃப் மீண்டும் இறுதியாட்டம் வரை வந்து போர்ட்ஸ்மத்திடம் 0-1 என்று தோற்றது.

புதுச் சட்டையின் வழுவழுப்பால்தான் பந்து நழுவியது என்று பிறகு சொல்லப்பட்டது. அதனால்தான் ஆர்சனல் கோல் காவலர்கள் புதுச் சட்டையை ஒருமுறை துவைத்த பிறகே அணிகிறார்கள் என்றும் ஒரு கதை உண்டு. சொந்த நாட்டாருக்காக வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்ற வீண்பழியும் லூயிஸ் மேல் விழுந்தது. அவர் தோல்விப் பதக்கத்தை வீசியெறிய, சக ஆட்டக்காரர் ஒருவர் அதை எடுத்துக்கொடுத்தார் என்பர்.

கோல் போட்ட பெர்குசனின் முடிவு இன்னும் துயரமானது. அந்தப் பருவத்தில் எல்லாப் போட்டிகளிலுமாக அவர் போட்ட 32 கோல்கள் 2003 வரை முறியடிக்கப்படாத கழகச் சாதனை. 1929இல் அவர் ஸ்காட்லாந்தின் டண்டீ கழகத்துக்குப் போனார். காயமும் தளர்ச்சியும் வந்தன, கோல்கள் வரவில்லை. சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு ஏசினர். 1930 சனவரியில், 34 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இதை மாணவர்களிடம் நான் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டுப் போட்டி நாளில் திடலோரம் நின்று பிள்ளைகளை நோக்கிக் கத்தும் பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

இனி அந்தத் தந்தையின் கேள்வி: சோறு கிடைத்ததா?

கிடைத்தது, அளந்து கிடைத்தது. 1922 முதல் இங்கிலாந்து லீக்கில் ஓர் ஆட்டக்காரருக்குப் பருவகாலத்தில் வாரத்துக்கு 8 பவுண்டும் கோடை விடுமுறையில் 6 பவுண்டும் மட்டுமே உச்சக் கூலி. எவ்வளவு திறமையிருந்தாலும், எத்தனை பேர் நுழைவுச்சீட்டு வாங்கினாலும் அதற்குமேல் சட்டப்படி கொடுக்கக்கூடாது. சுரங்கத் தொழிலாளியின் கூலியைவிட இது கூடுதல் என்பது உண்மை. 1926ஐக் கண்ட ஊரில் அதைக் குறைசொல்லக் கீனோருக்கே வாய் வந்திருக்காது. ஆனால் இன்னொரு கட்டும் இருந்தது. ஒப்பந்தம் ஆண்டுக்கொருமுறை. ஆண்டு முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவுச்சீட்டு கழகத்தின் கையில்தான். கழகம் விடாவிட்டால் வேறு லீக் கழகத்துக்குப் போகமுடியாது. கழகம் கூலியைக் குறைத்தால் ஏற்கவேண்டும், அல்லது ஆட்டத்தையே விடவேண்டும். கழகங்களோ ஆட்டக்காரரை நல்ல விலைக்கு விற்கலாம். 1928இல் டேவிட் ஜாக் என்பவருக்காக ஆர்சனல் போல்டன் கழகத்துக்குக் கொடுத்தது 10,890 பவுண்டு. உச்சக் கூலி 1961இல்தான் ஒழிந்தது. பதிவுச்சீட்டுக் கட்டு 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் தளர்ந்தது. அப்போது கீனோருக்கு அறுபத்தொன்பது வயதாகப்போகிறது.

கிண்ணம் வென்ற குழு விரைவில் சிதறியது. 1928–29 பருவத்தில் முதற்பிரிவின் 22 குழுக்களுள் மிகக் குறைந்த கோல்களை வாங்கிய குழு கார்டிஃப்தான். இருந்தும் கடைசி இடம் பெற்று இறங்கியது. தடுத்தார்கள், போடத்தான் ஆள் இல்லை. நிலக்கரி ஏற்றுமதி தேய, வேலையின்மை பெருக, நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுப்பாரும் குறைந்தனர். 1931இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. 1934இல் அதிலும் கடைசி.

இந்த வீழ்ச்சிக்கு நடுவே கீனோரின் வாழ்க்கையில் ஒரு நாள் உண்டு. வெம்பிளியைவிட எனக்கு அதுவே பிடித்தது. 1930 அக்டோபர் 25 அன்று வேல்ஸ், ஸ்காட்லாந்தை கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் சந்திக்க வேண்டும். அது லீக் ஆட்டங்கள் நடக்கும் சனிக்கிழமை. இங்கிலாந்துக் கழகங்கள் வேல்ஸ் ஆட்டக்காரர்களை விடவில்லை. கிடைத்தவர்களைக் கொண்டு ஒரு குழு திரட்டப்பட்டது. பதினொருவருள் ஒன்பது பேர் அதற்குமுன் வேல்ஸுக்கு ஆடியதேயில்லை. கீழ்ப்பிரிவுகளில் ஆடியவர்கள், லீக்கிலேயே இல்லாதவர்கள் எனப் பலர். எத்தனை கோலில் தோற்பார்கள் என்பதே பேச்சாக இருந்தது. முப்பத்தாறு வயது கீனோர் தலைவர். ரெக்சம் கழகத்தின் டாமி பாம்போர்டு தொடக்கத்திலேயே கோல் போட, வேல்ஸ் முந்தியது. ஸ்காட்லாந்து சமன்செய்தது, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. 1-1. கீனோரின் பெயர் தெரியாதவர்கள் என்று அக்குழுவுக்குப் பெயர் நிலைத்தது. மாவட்டப் போட்டிக்கு எண்ணிப் பதினொரு பையன்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகும் சிறிய தமிழ்ப்பள்ளிகளின் பயிற்றுநர்களுக்கு இந்த ஆட்டத்தின் சுவை விளங்கும்.

1931இல், பத்தொன்பது ஆண்டு, 500க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குப் பிறகு, கார்டிஃப் கீனோரை விட்டது. அவர் மூன்றாம் பிரிவின் குரூ அலெக்சாண்டிராவுக்குப் போனார். அங்கிருந்தபடியே 1932 டிசம்பரில் வேல்ஸுக்குக் கடைசி முறையாக ஆடினார். மொத்தம் 32 அனைத்துலக ஆட்டங்கள். போர் பறித்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு இந்த எண்ணைப் பார்க்கவேண்டும். பின்னர் ஆஸ்வெஸ்ட்ரி டவுன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் ரேஞ்சர்ஸ் என்ற சிறு கழகங்கள். நாற்பது வயதைத் தாண்டியும் காலணியைக் கழற்றவில்லை. ஆசை பாதி, தேவை பாதி என்பது என் கணிப்பு. தென்கிழக்கு இங்கிலாந்தில் கோழிப் பண்ணை வைத்தார். நீரிழிவு நோய் அவரைச் சாவின் வாயில்வரை கொண்டுபோய்த் திருப்பியது. 1950களின் பிற்பகுதியில் கார்டிஃப் திரும்பினார். நகராட்சியின் கட்டடப் பிரிவில் தொழிலாளியாக வேலை செய்தார்.

ஆம், அன்பர்களே. கொத்துத் தொழிலாளியின் மகன், எப்.ஏ. கிண்ணத்தை வேல்ஸுக்குக் கொண்டுவந்தவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு அதே நகரில் கட்டடத் தொழிலாளி. 1972 அக்டோபரில், 78 வயதில் காலமானார். இதில் இழிவு ஏதுமில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோட்டத்திலும் கட்டடத்திலும் உழைத்தவர்களின் பிள்ளைகள்தாம் நாமும். எனக்கு உறுத்தியது வேறு. 91,206 பேர் காசு கொடுத்துப் பார்த்த ஓர் ஆட்டத்தின் தலைவருக்கு முதுமையில் ஓய்வு வாங்கித்தர அந்தக் காசால் முடியவில்லை.

2012 நவம்பரில் கார்டிஃப் சிட்டியின் புதிய அரங்கத்தின் முன் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். கிண்ணத்தைப் பிடித்தபடி நிற்கிறார். அதற்கான பணத்தை ரசிகர்கள் திரட்டினார்கள். அரங்கத்துக்குள் குழு அப்போது சிவப்புச் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தது. வெண்கலத்துக்கு நிறப் பிரச்சினை இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்த மாணவனைச் சிற்றுண்டிச்சாலையில் அழைத்து உட்காரவைத்து, நான் படித்ததைச் சொன்னேன். 8 பவுண்டு, பதிவுச்சீட்டு, கோழிப் பண்ணை, கட்டட வேலை எல்லாம் சொன்னேன். அவன் தந்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகனை ஏற்றிப்போக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பையன் கட்டட வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு அது வியப்பாகவும் இல்லை. டேவிட் ஜாக்கின் விலைதான் அவன் மனத்தில் நின்றது.

“அந்தப் பத்தாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு பவுண்டில் ஜாக்குக்கு எவ்வளவு ஐயா?”

“கையொப்பமிடும்போது பத்துப் பவுண்டு. அக்கால விதிப்படி அதுதான் உச்சம்.”

அவன் மேசை மேல் விரலால் எழுதி வகுத்துப் பார்த்தான். “ஆயிரத்து எண்பத்தொன்பதில் ஒரு பங்கு” என்றான். பிறகு தந்தையின் முகத்தைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். “இவன் கணக்கில் மோசமில்லையே” என்றார். வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்று பயிற்சி எத்தனை மணிக்கு முடியும் என்று மகனிடம் கேட்டார்.